மூடிய கிணறு

வடுகபட்டியில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். சாயங்காலம், கேமை வாங்க வரும் பெங்களூர்க்காரர்களுக்கு எங்கள் ஜீப் ரேஸ் கேமைக் காட்டியாக வேண்டும். ஜீப்போ மறுபடியும் அதே இடத்தில் தரைக்குள் விழுந்து தொலைந்தது.

கேமில் வருவது எங்கள் தோட்டம்தான். அளந்து அப்படியே வரைந்திருந்தோம். ஆடுகள் விழுகின்றன என்று போன மாதம் தோட்டத்துக் கிணற்றை மண் கொட்டி மூடினேன். கூட்டாளி பிரின்ஸ் கேமிலும் அந்தக் கிணற்றை மூடித் தரையாக்கிவிட்டான். ஆனால் கேமில் கண்ணுக்குத் தெரியும் தரை வேறு, சக்கரம் முட்டும் தரை வேறு. இரண்டாவதற்குக் கொலிஷன் என்று பெயர். அதையும் மாற்ற வேண்டும்.

"கொலிஷன மாத்துனியா இல்லையாடா?"

"எத்தன தடவ மாப்ள கேப்ப? மொத்தத்தையும் அழிச்சுப் புதுசாப் போட்டுட்டேன்."

நானே உட்கார்ந்து அழித்தேன், நானே போட்டேன். கிணறு இருந்த இடத்தில் ஜீப் மறுபடி விழுந்தது.

"கிணத்த மூடும்போது அது மூச்சு விட ஒரு குழாய் வைக்கச் சொல்லி ஊர்ப் பெரியாளுக சொன்னாக. நீதான் கேக்கல," என்றான் பிரின்ஸ்.

"ஜீப் விழுகுறதுக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்? வா, காட்டுறேன்!"

தோட்டத்துக்கு இழுத்துப் போனேன். மூடிய இடத்தில் புல் முளைத்திருந்தது.

"அங்கன போகாத மாப்ள."

"கெட்டித் தரைடா, நல்லாப் பாரு!" செருப்பைக் கழற்றி நடுவில் வீசினேன்.

புல் அசையவில்லை. செருப்பைக் காணவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அது தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.