கடல் பக்கத்துச் சுவர்

"இந்தச் சுவத்துல ஒரே ஒரு ஜன்னல் வெச்சுட்டாப் போதும் மேடம். வீடே சொர்க்கமாயிடும்" என்றார் லேங்லி.

வீட்டுச் சொந்தக்காரர். இந்த வரிசையில் ஆறு வீடும் அவருடையதுதான்.

நான் சுவரைப் பார்த்தேன். புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள்.

ஆறு வீட்டுக்கும் ஒரே கூரை. மத்தி மீன் பிடித்தவர்களுக்காக இருநூறு வருடங்களுக்கு முன் கட்டியது. எல்லா வாசலும் மலையைப் பார்த்து, கடலுக்கு முதுகு காட்டி நிற்கும். நாளெல்லாம் கடலில் கிடந்து வந்தவனுக்கு வீட்டுக்குள்ளும் அது எதற்கு?

லண்டனிலிருந்து லீவுக்கு வருபவர்களுக்கு அதுதான் வேண்டுமாம். 'படுக்கையிலிருந்தே கடல்' என்று லேங்லி விளம்பரமே கொடுத்துவிட்டார். அனுமதிக்கு முன்னாலேயே. அவ்வளவு தைரியம்.

அனுமதி என் கையில் இருந்தது. கவுன்சிலில் பழைய கட்டடங்களுக்கு நான்தான் அதிகாரி.

சட்டம் எளிமையானது. இந்த மாதிரிச் சுவரில் புதிதாக ஓட்டை போடக் கூடாது. ஆனால் முன்பு அங்கே ஜன்னல் இருந்து, அதை யாராவது அடைத்திருந்தால், திறந்துகொள்ளலாம்.

"பழைய ஜன்னல் எதுவும் இல்லாமயா இருக்கும்? நல்லாப் பாருங்க மேடம்" என்றார். குரலில் தேன் ஒழுகியது.

சுத்தியலின் பிடியால் சுவரைத் தட்டினேன். டக், டக். முழுக் கல்.

"முன்னாடி இருந்த கிழவி இந்த இருட்டுல எப்படித்தான் கிடந்துச்சோ! சரியான அழுத்தக்காரி. காலி பண்ண வைக்கறதுக்குள்ள உயிரே போயிடுச்சு."

"யாரோட உயிர்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் சுத்தியலை வேறு எதன் மீதாவது போட்டிருப்பேன்.

இரண்டடி நகர்ந்து தட்டினேன். தொப், தொப்.

"சத்தம் மாறுதே மேடம்?"

பதினெட்டு வருட வேலையில் நான் ஒரு பொய் சொன்னதில்லை.

"ஈரம் இறங்கியிருக்கு சார். அப்படித்தான் கேக்கும்" என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போனது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

காரில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். பழைய ஜன்னல் இருந்ததற்கான தடயம் இல்லை. அனுமதி மறுக்கப்படுகிறது. கீழே கையெழுத்துப் போட்டேன். கல்யாணத்துக்குப் பின் வந்த பெயர். அதை வைத்து அவருக்கு என்னை அடையாளம் தெரிய வழியில்லை.

அந்தச் சுவரில் ஜன்னல் இருக்கிறது. ஒரு புயலில் கண்ணாடி உடைந்து அலை உள்ளே வந்த பிறகு, கல்லை அடுக்கி மூடிவிட்டார்கள். வெளிப்பக்கம் முழுக்கப் பலகைக்கல் ஓடு பதித்திருப்பதால் அங்கிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே மட்டும் மழைக்காலத்தில் சுவரில் சதுரமாக ஒரு கறை தெரியும்.

என் அம்மா ஹெஸ்டர் இரண்டு வருடம் படுத்த படுக்கையாக அந்தச் சதுரத்தைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதைத் திறந்து கொடுத்தால் படகு வந்து போவதையாவது பார்ப்பேன் என்று லேங்லிக்கு மூன்று கடிதம் எழுதினாள். ஜன்னல் எங்கே இருக்கிறது, அகலம் என்ன, தரையிலிருந்து எத்தனை அடி என்று ஒவ்வொரு கடிதத்திலும் பென்சிலால் படமும் போட்டு அனுப்பினாள். பதில் வரவில்லை. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ்தான் வந்தது. போன இடத்தில் பதினோரு வாரம் இருந்தாள். அங்கேயே போய்ச் சேர்ந்தாள்.

அந்த மூன்றில் ஒன்றையாவது அந்த மனிதர் பிரித்துப் படித்திருந்தால், இன்றைக்கு நான் தட்ட வேண்டிய இடத்தை அவரே காட்டியிருப்பார்.