ஆட்டோமேட்டிக் கார்

"கிளட்ச் மிதிச்சு மிதிச்சு எம் பொண்ணுக்குக் கால் வலிக்குதாம். அதான் ஆட்டோமேட்டிக்கா மாத்திடலாம்னு" என்றார் கார்க்காரர்.

அவர் 'எம் பொண்ணு' என்று சொல்லும்போதெல்லாம் மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. கொடுத்துவைத்த மனுஷன்! புது கியர் லீவரை வைத்து முறுக்கினார். முறுக்கிய வேகத்தில் ஸ்பேனர் நழுவி விரலில் தோல் பெயர்ந்தது.

"எம் பொண்ணு கொஞ்சம் அவசரக்காரி. கியர்ல இருக்கறப்பவே சாவியத் திருப்பிட்டா?"

"ஸ்டார்ட் ஆகாது. லீவர் பார்க்லயோ நியூட்ரல்லயோ இருந்தாத்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். அதுக்குத்தான் இந்த ஒயர்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒயரை இணைத்தார். கழன்றுவிடுமோ என்று நாலு தடவை இழுத்துப் பார்த்தார்.

அப்போது அந்தப் பெண்ணே பட்டறைக்குள் ஓடி வந்தாள்.

"அப்பா, முடிஞ்சுதா? ஓட்டிப் பாக்கட்டுமா?"

கார்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களத்தான் கேக்குறா" என்றார் மெக்கானிக்கிடம். "அவ அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி நாலு வருஷமாச்சு. என்னை இன்னும் 'சார்'னுதான் கூப்பிடுறா. எத்தனையோ பட்டறை இருக்கு. 'எங்கப்பா கையால மாட்டினாத்தான் ஓட்டுவேன்'னு ஒத்தக்கால்ல நின்னா."

சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. இத்தனை நேரம் வயிறு எரிந்தது தனக்கு மட்டுமல்ல என்று மெக்கானிக்குக்கு அப்போதுதான் புரிந்தது.

கையைத் துடைத்துவிட்டு மகளிடம் சாவியைக் கொடுத்தார். பிறகு முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"நீங்க அவ பக்கத்துல உக்காருங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."