இவரும் இல்லை

"இவரும் இல்லைங்க. அடுத்த கடைக்குப் போங்க அண்ணே."

ஸ்டூடியோவுக்குள் போன வேகத்திலேயே திரும்பி வந்து வண்டியில் ஏறிய மயிலம்மாளை, ஜட்காக்காரர் சின்னையா எரிச்சலோடு பார்த்தார். காலையில் காந்தி மார்க்கெட் வாசலில் ஏறியவள். "நாளைக்கு விடிஞ்சா ஸ்ரீரங்கத்துல கல்யாணம். போட்டோக்காரரைத் தேடணும். டவுன்ல இருக்கிற ஸ்டூடியோவுக்கெல்லாம் ஓட்டுங்க" என்றாள். இது ஐந்தாவது ஸ்டூடியோ.

திருவெள்ளறைப் பக்கத்துப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். கல்யாணப் பெண்ணுக்கு அக்கா முறையாக இருக்கும் என்று சின்னையா நினைத்துக்கொண்டார்.

அவருக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. போட்டோ பேச வருகிறவர்கள் கடையில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்ப்பார்கள். நல்லா எடுப்பீங்களா என்று நாலு வார்த்தை கேட்பார்கள். இவளோ கடைக்காரரின் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்க்கிறாள். அவ்வளவுதான், திரும்பி வந்துவிடுகிறாள்.

"ஏம்மா, ஒரு போட்டோவுக்கா இந்த அலைச்சல்? எங்க கல்யாணத்துல போட்டோவும் இல்ல, கீட்டோவும் இல்ல. நாலு பிள்ளை பெத்து நல்லாத்தானே இருக்கோம்?"

"நீங்க நல்லவங்க அண்ணே. போட்டோ இல்லேன்னா கல்யாணமே நடக்கலைன்னு சொல்றவங்களும் இருக்காங்க."

காலம் கெட்டுத்தான் போச்சு என்று சிரித்துக்கொண்டே சின்னையா குதிரையைத் தட்டிவிட்டார்.

தெப்பக்குளத்துப் பக்கம் இரண்டு கடைகள். ஒன்று பூட்டிக் கிடந்தது. இன்னொன்றின் சொந்தக்காரர் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து, "நானே நேர்ல வரேம்மா, ஜமாய்ச்சிடலாம்!" என்றார். மயிலம்மாள் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். படியிறங்கும்போது கால் பின்னியது. சின்னையா ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார்.

காலையிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. எதிர்க்கடையில் சோடா வாங்கிக் கொடுத்தார்.

"யாரைத்தாம்மா தேடுறே? பேரு, ஊரு ஏதாச்சும் சொல்லு."

"பேரு தெரியாதுண்ணே. நாலு வருஷத்துக்கு முன்னால வயலூர் கோயில்ல ஒரு கல்யாணத்துல படம் எடுத்தாரு. முஸ்லிம் பாய். ஒரு கண்ணு லேசா மாறுகண்ணு. அவரேதான் வேணும்."

"அட, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? ஜெகபர் அலி பாய்! பாலக்கரைக் கடையைக் காலி பண்ணிட்டுப் புத்தூருக்குப் போயிட்டாரே!"

வண்டி பறந்தது. எரிச்சலெல்லாம் போய், இப்போது சின்னையாவுக்கே படபடப்பு தொற்றிக்கொண்டது. புத்தூரில் பாய் கடைக் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"பாய்! பூட்டாதீங்க, பூட்டாதீங்க!"

வண்டி நிற்பதற்குள் மயிலம்மாள் குதித்தாள். பாயின் முகத்தைப் பார்த்ததும் அவள் கண்ணில் நீர் முட்டியது. "இவருதாண்ணே" என்றாள்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு ஜெகபர் அலி உதட்டைப் பிதுக்கினார். "நாளைக்கா? வேற வேலையை ஒத்துக்கிட்டேனேம்மா."

"அப்படிச் சொல்லாதீங்க பாய். முதல்ல, வயலூர்ல நீங்க எடுத்த படம் இருக்கான்னு பாருங்க. நாலு வருஷம் முன்னால, ஆவணி மாசம், கடைசி முகூர்த்தம்."

அவள் நின்ற நிலையைப் பார்த்து அவரால் மறுக்க முடியவில்லை. பரணிலிருந்து மரப்பெட்டியை இறக்கினார். படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக உருவி வெளிச்சத்தில் காட்டினார். இது இல்லை. இதுவும் இல்லை. பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. மயிலம்மாள் மூச்சுவிடக்கூட மறந்து நின்றாள்.

"இந்தா! வயலூர்."

கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மாறி, மாலையும் கழுத்துமாக இரண்டு உருவங்கள். முகம் யாருக்கும் பிடிபடாது. மயிலம்மாள் மட்டும் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"இதுல ஒரு படம் இன்னைக்கே போட்டுக் குடுங்க. நாளைக்கு நீங்களும் வந்து முன்னால நிக்கணும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன் பாய்."

"அல்லாவே, அழாதேம்மா. அந்த வேலைக்கு வேற ஆளை அனுப்பிக்கிறேன்." அவர் நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"ஆறுலேருந்து ஏழரைக்குள்ள."

"மாப்பிள்ளை பேரு?"

"அழகிரி. பொன்மலையில ரயில்வே வேலை."

"பொண்ணு பேரு?"

"தெரியாதுங்க பாய்."

பேனா அப்படியே நின்றது. வாசலில் நின்ற சின்னையா திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பொண்ணு பேரே தெரியாதா? நீ மாப்பிள்ளைக்கு என்ன வேணும்?" என்றார் பாய்.

மயிலம்மாள் அந்தக் கண்ணாடித் தகட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இதுல அவரு பக்கத்துல மாலையோட நிக்கிறது நான்தாங்க. என்னை யாருன்னே தெரியாதுன்னு பொண்ணு வீட்டுல சத்தியம் பண்ணியிருக்காரு."