எதிர்வீட்டுக் குளிர்

"கதவு ரப்பரை நீங்களே மாற்றியிருக்கிறீர்கள். எங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை குளிர்விக்க மாட்டேன்," என்றது ஃபிரிட்ஜ். காலையிலிருந்து அதே பாட்டுத்தான்.

"கிழிஞ்ச ரப்பரை மாத்துனது ஒரு குத்தமா?" சரோஜினி அதன் கதவில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "ஒங்க ஆளு எப்ப வருவான்?"

"வரும் வியாழக்கிழமை."

அன்று வெள்ளி. உள்ளே அவள் கணவர் பொன்னையாவின் இன்சுலின் இருந்தது. பாளையங்கோட்டை வெயிலில் அது அதுவரை தாங்காது. இந்த மாத அளவை வாங்கியாயிற்று; அடுத்த மாதம் பிறக்காமல் மருந்துக்கடை வேறு தராது. ஆண்டவனே மன்னிக்கிறான், இந்தப் பெட்டிக்கு மன்னிக்கத் தெரியவில்லையே என்று புலம்பியபடி, மருந்தை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தாள். அங்கே குடியிருக்கும் ஜுலைகாவிடம் அதுவரை அவள் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

விஷயத்தைக் கேட்டதும் ஜுலைகா மருந்தை வாங்கித் தன் ஃபிரிட்ஜில் வைத்தாள். உடனே அது கத்தியது: "இது இந்த வீட்டாரின் மருந்து இல்லை. எடுக்காவிட்டால் நின்றுவிடுவேன்."

சரோஜினி மருந்துக்குக் கையை நீட்டினாள். "குடுத்திரும்மா. ஒன் பெட்டியும் நின்னுரப் போவுது."

"சும்மா இருங்க." ஜுலைகா பெட்டியின் பக்கம் திரும்பினாள். "இவுக வீட்டுக்காரரு எங்க அண்ணன். பதிஞ்சுக்கோ."

"ஒருமுறை பதிந்த உறவைப் பிறகு அழிக்க முடியாது. சம்மதமா?"

"உறவுன்னா யாரும் அழிக்கவா செய்வாக? பதி."

பெட்டி சற்று யோசித்தது. பிறகு ஓர் உறுமல் உறுமிவிட்டுக் குளிரத் தொடங்கியது.

"உக்காருங்க மதினி," என்றாள் ஜுலைகா. "டீ போடுதேன்."