தண்ணீர்க் காபி

வீட்டு எஸ்பிரசோ மெஷின் மூன்று மாதமாகக் காபியைத் தண்ணீராக ஊற்றுகிறது என்பது புகார். சர்வீஸுக்கு வந்த ஜெசிந்தா வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தாள். அடைப்பில்லை, உப்பும் படியவில்லை. தூளின் பதமும் பம்பின் அழுத்தமும் சரியாகவே இருந்தன.

"மெஷின்ல கோளாறே இல்லீங்க அக்கா. பட்டனை அமுக்கற விரல்லயே இது நாடி பாத்துரும். இதயத்துக்கு ஆகாதுன்னா தூளைக் குறைச்சுக்கும். ஆஸ்பத்திரிக்கும் தகவல் குடுத்திருக்குமே?"

"குடுத்துச்சு கண்ணு. அதுக்குத்தான் எங்க வீட்டுக்காரரை மூணு மாசமா அலைய விடறாங்க," என்றாள் பூங்கொடி. "ரெண்டு ஸ்கேன் எடுத்தாச்சு. இதயம் இரும்பாட்டம் இருக்குதாம்."

"மெஷினுக்கு என்னைக் கண்டாலே ஆகாதுங்க!" என்று கூடத்திலிருந்து அவள் கணவர் நாச்சிமுத்து சிரித்தார். அந்த வீட்டின் மின் இணைப்பு, கேஸ் எல்லாவற்றையும் போல மெஷினும் அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது.

ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள். "தினமும் காபி போடறது யாருங்க?"

"நல்லாக் கேட்ட போ. முப்பது வருஷத்துல அவரு சமையக்கட்டுல கால் வெச்சிருப்பாரா?"

சொல்லி முடிப்பதற்குள் பூங்கொடிக்குப் புரிந்துவிட்டது. மெஷினின் திரையைத் தானே எட்டிப் படித்தாள். முதல் எச்சரிக்கையில் 'உடனே சிகிச்சை' என்றிருந்தது. போன வாரத்தில் வந்த கடைசி வரி, 'சிகிச்சைக் கட்டம் கடந்துவிட்டது'.

"உங்க பேருக்கு மாத்திடறேங்க அக்கா."

"இனி எதுக்கு கண்ணு? அவருக்குக் காபி போடச் சொல்லிக் குடுத்துட்டுப் போ."