புளியங்கொத்து

துப்பாக்கி முனையில் செருகியிருந்த கத்தி எலும்பில் மாட்டிக்கொண்டது.

அவன் துப்பாக்கியைப் பிடித்து ஆட்டினான். வரவில்லை. விழுந்தவனின் இடுப்பில் காலை ஊன்றி இழுத்தான். தொடையிலிருந்து கத்தியும் ரத்தமும் சேர்ந்து வந்தன.

"மாமா."

புகைக்குள் குனிந்து பார்த்தான்.

தாண்டவன். தன் மனைவி பூங்காவனத்தின் தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன் புதுச்சேரிக்குப் போனவனை அங்கேயே பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

"என்னைத் தெரியலியா மாமா?"

தெரியவில்லை. குத்தும்போது அவன் முகத்தையே பார்க்கவில்லை. தலைப்பாகையை மட்டும்தான் பார்த்தான். அதில் இலை இல்லை.

விடியற்காலையில் துரை எல்லோர் தலையிலும் புளியங்கொத்து செருகச் சொன்னான். இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு, ஒரே மீசை, ஒரே வசவு. வேறு எதை வைத்து ஆள் பிரிப்பது? இலை இருந்தால் இங்கிலீஷ்காரன் ஆள். இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரன் ஆள், குத்து. அவ்வளவுதான் பாடம்.

கடலுக்கு அப்பால் இரண்டு ராஜாக்கள். உன் கப்பல் பெரிதா என் கப்பல் பெரிதா என்று அவர்களுக்குள் தீரவே இல்லை. பாதி உலகத்தைக் கொளுத்திப் போட்டார்கள். அந்த நெருப்பு வந்தவாசி வரைக்கும் வந்து, அறுத்த கம்பங்கொல்லையில் மாமனையும் மச்சானையும் எதிரெதிரே நிறுத்தியது. நாசமாய்ப் போகிறவர்கள், அங்கேயே ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு செத்திருக்கலாம்.

பக்கத்தில் பீரங்கிக் குண்டு விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒருவனுக்குத் தலை போயிற்று. அப்படியும் இரண்டு எட்டு வைத்தான்.

மாமன் தன் தலைப்பாகையின் நுனியைக் கிழித்துத் தாண்டவனின் தொடையை இறுக்கிக் கட்டினான்.

"பாப்பாவுக்குக் காது குத்தியாச்சா மாமா?"

இல்லை. பூங்காவனம் மூன்று முறை நாள் குறித்துத் தள்ளிப் போட்டுவிட்டாள். தம்பி வரட்டும், தாய்மாமன் மடி இல்லாமல் என் பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அவளுக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான்.

பின்னால் கூச்சல். சொந்தப் பட்டாளம்தான். ஆனால் வேறு அணி, தெலுங்கில் கத்திக்கொண்டு வந்தது. விழுந்து கிடந்தவர்களின் தலையைப் பார்த்துப் பார்த்துக் குத்திக்கொண்டே வந்தது. ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டான். இலை இல்லாதவன். கும்பிட்ட கையோடு சேர்த்துக் குத்தினார்கள்.

அவன் தன் தலையைத் தடவினான். ஓடிய ஓட்டத்தில் கொத்து உதிர்ந்து நாலு இலையோடு ஒரே ஒரு ஈர்க்கு மிச்சமிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை மரமில்லை.

அதை உருவினான். சாகப் பயமாக இருந்தது அவனுக்கு, நிறையவே.

அப்பன் மடியில் வைத்து எந்தப் பிள்ளைக்கும் காது குத்துவதில்லை.

தாண்டவனின் தலைப்பாகையில் ஈர்க்கைச் செருகினான். விழாமல் இருக்கக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தினான்.

"மாமா, உனக்கு?"

"பேசாம கெட. நான் சொல்லிக்கறேன்."

எழுந்தான். துப்பாக்கியைக் கீழே போட்டான். இரண்டு கையையும் தூக்கி, தன் அணியின் பெயரைக் கத்திச் சொன்னான். மறுபடியும் சொன்னான்.

வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.