வெள்ளைத் தட்டுக்குப் பின்னால்

முகமூடிக்குள் வேறு யாரோ ஒருவரின் வியர்வை மணந்தது.

அதைப் போட்டிருந்த அம்பயர் இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் இருந்தார். மட்டையில் உரசித் தெறித்த பந்து அவர் மணிக்கட்டில் பட்டு வீங்கிவிட்டது.

பழைய மாணவர் சங்கங்களின் பெண்கள் சொஃப்ட்போல் கோப்பை. இறுதி ஆட்டம். ஓட்டங்கள் சமம். எதிரணி மட்டை பிடிக்கும் கடைசிச் சுற்று மட்டும் மிச்சம்.

அம்பயராக நிற்க யாரும் முன்வரவில்லை. நின்றால் இரண்டு பக்கத்திலும் பேச்சு வாங்க வேண்டும்.

“அக்கா, கதிரையில இருந்தே உங்களுக்கு எல்லாம் வடிவாத் தெரியுதுதானே,” என்றார் எதிரணிப் பயிற்சியாளர் கௌரிதாசன். “நீங்களே வந்து நில்லுங்கோவன். பந்து எறியிறது உங்கட மகள் எண்டாலும் பரவாயில்லை. கத்துறதுக்கு ஒரு ஆள் குறையும்.”

ஸ்காபரோவின் அந்தப் பூங்காவில் எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்துக்கொண்டுதான் எழுந்து வந்தாள்.

கோடை முழுக்க வேலிக்கு வெளியே, மடக்குக் கதிரைகளில், இதே சண்டைதான். மட்டைக்காரியின் முழங்காலுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே, தரையில் பதித்த வெள்ளைத் தட்டின் அகலத்துக்குள் பந்து வந்தால் ஸ்ட்ரைக். மூன்று சேர்ந்தால் அவள் அவுட். அதற்கு வெளியே போனால் போல். நான்கு சேர்ந்தால் அவள் சும்மா நடந்து முதல் தளத்துக்குப் போகலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு யன்னல்.

ஓர் அம்பயருக்கு அது அகலம். இன்னொருவருக்கு ஒடுக்கம். ஒரே அம்பயருக்குக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று.

மகள் ஆரணி எறியும்போது மட்டும் அது சுருங்கிவிடுகிறது என்பது தாயான அவளுடைய கட்சி. இல்லை, ஆரணிக்குத்தான் அகலத் திறக்கிறார்கள் என்பது அந்தப் பக்கத்துத் தாய்மாரின் கட்சி. கணவன் போனில் படம் பிடித்து, நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். அதைப் பார்த்து மனம் மாறியவர் யாருமில்லை.

இப்போது அவள் தட்டுக்குப் பின்னால், பந்து பிடிக்கும் பிள்ளையின் முதுகுக்கு மேலால் குனிந்து நின்றாள்.

ஆரணி கையைச் சுழற்றினாள்.

கையுறையில் பந்து விழுந்த சத்தம்தான் கேட்டது. தாய் கண்களை இறுக மூடியிருந்தாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

“போல்,” என்றாள். காணாத ஒன்றை ஸ்ட்ரைக் என்று சொல்ல வாய் வரவில்லை.

“என்னப்பா இது!” வேலிக்கு வெளியே கணவனின் குரல்.

அடுத்த பந்துக்கு இமைக்காமல் நின்றாள்.

மகளின் முகத்தைப் பார்த்தாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கட்டிலுக்கடியில் வைத்து மறந்துவிடுகிற பிள்ளையின் முகம் அல்ல அது. முன்னால் நிற்பது தாய் என்பதே அந்த முகத்துக்குத் தெரியவில்லை.

கை ஒரு முழு வட்டம் போனது. இடுப்பருகே பந்து விடுபட்டது.

முதலில் அது அந்தரத்தில் நிற்பது போலிருந்தது. பிறகு பெருத்தது. மஞ்சளின் மேல் சிவப்புத் தையல் சுழன்றது. பிறகு காற்றைக் கிழித்துக்கொண்டு அவள் முகத்துக்கே வந்தது.

பக்கவாட்டில் இருந்து பார்த்தபோது அது வெறும் மஞ்சள் கோடு.

இதையா இந்தப் பிள்ளை இவ்வளவு நாளும் எறிந்துகொண்டிருந்தது?

“ஸ்ட்ரைக்.” குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னாள்.

அதன்பிறகு அவள் வேறொன்றையும் பார்க்கவில்லை. ஒருத்தி அவுட்டானாள், பிறகு இன்னொருத்தி. ஒருத்தி அடித்துவிட்டு ஓடினாள். இரண்டு பேர் நடந்தார்கள். இரண்டு பக்கமும் கத்தினார்கள். அது தூரத்து வீதியின் இரைச்சலாகக் கேட்டது.

இரண்டு பேர் அவுட். மூன்று தளங்களிலும் ஆள். மட்டைக்காரிக்கு மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக்.

ஸ்ட்ரைக் என்றால் மூன்றாவது ஆளும் அவுட்; சுற்று முடிந்து, ஓட்டங்கள் சமமாகவே ஆட்டம் தொடரும். போல் என்றால் எல்லோரும் ஒரு தளம் முன்னே நகர்வார்கள். மூன்றாம் தளத்தில் நிற்பவள் வெள்ளைத் தட்டுக்கு வந்து சேர்வாள், ஓர் ஓட்டம். கோப்பை கௌரிதாசனின் பிள்ளைகளுக்கு.

ஆரணி பந்தைக் கைக்குள் உருட்டிப் பிடித்தாள்.

வட்டம்.

பந்து யன்னலின் நட்டநடுவே வந்தது. மட்டைக்காரி அசையவில்லை. தட்டுக்குச் சற்று முன்னால், யாரோ கீழிருந்து நூலைப் பிடித்து இழுத்ததுபோல, அது விழுந்தது.



இப்படி ஒன்றைத் தாய் கண்டதேயில்லை. வானத்தில் ஒரு பறவை இப்படித் திரும்பியிருந்தால், பக்கத்தில் நிற்பவரின் தோளைப் பிடித்துக் காட்டியிருப்பாள்.

முழங்காலுக்குக் கீழே. ஒரு விரல் கீழே.

“போல்.”

அந்தப் பக்கம் துள்ளிக் குதித்தது. இந்தப் பக்கம் ஒரு கதிரை சரிந்தது. “உனக்கென்ன விசரே?” என்று கணவன் வேலியைப் பிடித்து உலுக்கினார். “அது ஸ்ட்ரைக்! நான் படம் எடுத்து வச்சிருக்கிறன்!”

ஆரணி நேரே அவளை நோக்கி நடந்து வந்தாள். கையுறையைக் கழற்றவில்லை.

அவள் முகமூடியை உயர்த்தினாள். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றாள்.

“அம்மா,” என்றாள் ஆரணி. மூச்சு வாங்கியது. “கடைசியில விழுந்ததைக் கண்டனீங்களோ?”

“கண்டனான்.”

“மெய்யா? எப்பிடி விழுந்தது?”

தாய் உள்ளங்கையை விரித்தாள். இருவருக்கும் நடுவே, நெஞ்சளவில், மெல்ல முன்னே கொண்டுபோனாள். பிறகு சட்டென்று கீழே விட்டாள்.

கணவன் வேலிக்கதவைத் திறந்துகொண்டு போனுடன் ஓடி வந்துகொண்டிருந்தார்.

மகள் தாயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொருக்காக் காட்டுங்கோ.”